ரோஸ் ஹில்லில் 12 வாரக் கிரியோல் வகுப்பு: சேரலாமா?

மொரிஷியஸுக்கு வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி, பிரெஞ்சு படிக்கணுமா, இங்கிலீஷே போதுமா என்பதுதான். பிரெஞ்சிலிருந்து பிறந்து, இந்தத் தீவு மக்கள் வீட்டில் பேசும் கிரியோல் மொழியைப் படிக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. நானும் இரண்டு வருடம் கேட்கவில்லை. எபேனில் முதலீட்டு நிதிகளுக்குக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை, மின்னஞ்சல் முழுக்க ஆங்கிலம், கூட்டங்களும் ஆங்கிலம், அதனால் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கிரியோலுக்கு மாறிவிடும், மேசையே கலகலவென்று ஆகிவிடும், எனக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியாது. யாராவது இரக்கப்பட்டு ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்தச் சிரிப்பு அடங்கியிருக்கும். இரண்டு வருடம் ஒரு ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் பேசுவது புரியாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றித்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதலில் விவரம். ரோஸ் ஹில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு கடைக்கு மேல்மாடியில் நடக்கும் தனியார் பயிலகம். செவ்வாய், வியாழன் மாலை 5.30 முதல் 7 வரை, மொத்தம் 12 வாரம், கட்டணம் 7,500 ரூபாய் (இந்த ஊர் ரூபாய்). ஜெராக்ஸ் தாள்களுக்குத் தனியாக 400 வாங்கினார்கள், அதைச் சேரும்போதே சொல்லியிருக்கலாம். எபேனிலிருந்து மெட்ரோ இருப்பதால் போக வரச் சிரமம் இல்லை. வகுப்பில் 14 பேர், நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பயிலகத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறைகளும் சொல்லப்போகிறேன், அவர்கள் சிலவற்றைத் திருத்திக்கொண்டும் வருகிறார்கள்.

முதல் 3 வாரம் எடுத்த ஆசிரியரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நல்ல மனிதர், பிரெஞ்சு அருமையாகத் தெரிந்தவர். ஆனால் முதல் நாளே "கிரியோலுக்கு இலக்கணம் கிடையாது, பிரெஞ்சை உடைத்துப் பேசினால் கிரியோல்" என்றார். அதோடு விடவில்லை. இந்தத் தீவு முன்னேறியதற்குக் காரணம் ஆங்கிலமும் பிரெஞ்சும் கையில் இருந்ததுதான், கிரியோலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் கரீபியனில் உள்ள ஏழை நாடான ஹைட்டி மாதிரி ஆகியிருப்போம் என்றார். நம்மவர்கள் வாயிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அலுவலகத்தில் சென்னைக்காரர் ஒருவர், நான் சேர்ந்ததைக் கேள்விப்பட்டதும், "தம்பி, அந்தக் காசுக்கு பிரெஞ்சு படிச்சா நாளைக்கு கனடா போகலாம், கிரியோல் பேசுற நாடு எது உருப்பட்டிருக்கு சொல்லுங்க?" என்றார். பதில் சொல்ல எனக்கு அப்போது விவரம் போதவில்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான் இது வகுப்பைப் பற்றிய விமர்சனமாக மட்டும் இல்லாமல் நீண்டுகொண்டே போகிறது.

4-வது வாரம் ஆசிரியர் மாறினார். புதிதாக வந்தவர் ஒரு பெண்மணி, அரசுப் பள்ளியில் கிரியோல் சொல்லிக்கொடுத்து அனுபவம் உள்ளவர். வந்த அன்றைக்கே கரும்பலகையில் ஐந்து வரி எழுதினார். மோ மான்ஸே, நான் சாப்பிடுகிறேன். மோ தி மான்ஸே, சாப்பிட்டேன். மோ பே மான்ஸே, இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மோ பூ மான்ஸே, சாப்பிடுவேன். மோ தி பே மான்ஸே, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வினைச்சொல் அசையாமல் நிற்கிறது, அதற்கு முன்னால் வரும் குட்டிச் சொல்தான் காலத்தைச் சொல்கிறது. அப்புறம் இன்னொரு வரி எழுதினார்: மோ மான்ஸ் திரி, நான் சோறு சாப்பிடுகிறேன். "மான்ஸே" எங்கே போனது, ஏன் "மான்ஸ்" ஆனது என்று எங்களையே கேட்டார். என்ன சாப்பிடுகிறோம் என்பது பின்னால் வந்தால் வினையின் கடைசி உயிர் உதிர்ந்துவிடும், வராவிட்டால் உதிராது. பிரெஞ்சு தெரிந்தவருக்கும் இது தானாக வராது, படித்துத்தான் ஆக வேண்டும். இலக்கணம் இல்லை என்று 3 வாரம் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

தமிழர்களுக்கு இதில் சில விஷயங்கள் சட்டென்று பிடிபடும். சமமானவரை "தோ" என்று சொல்லலாம், பெரியவரை "ஊ" என்றுதான் சொல்ல வேண்டும், நம் நீ, நீங்கள் மாதிரியே. முதல் ஆசிரியர் இதைச் சொல்லித்தரவே இல்லை. நான் பக்கத்து இருக்கையில் இருந்த 70 வயது அம்மாவை "தோ" என்று கூப்பிட்டுவிட்டேன், அவர் கோபப்படாமல், ஆனால் தெளிவாக, என்னைத் திருத்தினார். அன்றிலிருந்து அவரைத் தாந்தின் என்றுதான் கூப்பிடுகிறேன், அத்தை, பெரியம்மா என்பது போல. அவர் என்னை "மோ கர்சோன்" என்பார், என் பையா.

அப்புறம் மார்க்கெட். 6-வது வாரம் வகுப்பையே கீழே மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார் ஆசிரியை. காய்கறிக் கடையில் ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் கேட்க வேண்டும். கொத்தமல்லியைக் காட்டினால் "கோதோமிலி" என்கிறார்கள். கறிவேப்பிலை "கரிபூலே". பீர்க்கங்காய் "பிபாங்காய்". முருங்கைக் கீரை "பிரேத் மூரூம்". நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்ததைப் பார்த்து கடைக்காரர் இரண்டு கட்டு கோதோமிலியைச் சும்மா கொடுத்தார். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் பிரெஞ்சு முதலாளிகளின் தோட்டங்களில் உருவாக்கிய மொழி இது. அதில் நம் அடுப்படிச் சொற்கள் இப்படி உட்கார்ந்திருக்கின்றன என்றால், லா பூர்தோனே ஆளுநராக இருந்த 1730-களில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கைவினைஞர்களும், 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்து பேசி, சமைத்து, சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போர்ட் லூயிஸில் அந்தக் கூலிகள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் படிக்கட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தபோது வராத ஒரு நெருக்கம், அந்தக் காய்கறிக் கடையில் எனக்கு வந்தது.

இனி அந்த ஹைட்டிப் பேச்சு. வகுப்பில் யாரோ இதை மறுபடி எழுப்பியபோது ஆசிரியை ஒரு வரைபடத்தை விரித்தார். மூன்று நாடுகளைக் காட்டினார்: ஹைட்டி, மொரிஷியஸ், செஷல்ஸ். மூன்றிலும் பெரும்பான்மை மக்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். செஷல்ஸில் குடியேற்றம் தொடங்கியதே 1770-ல், இங்கிருந்து போனவர்களால்தான், அதனால் அவர்கள் பேசுவது இங்குள்ளவர்களுக்கு நன்றாகவே புரியும். இந்த மூன்றில் கிரியோலைப் பள்ளிக்குள் முதலில் முழுதாக விட்ட நாடு எது தெரியுமா? செஷல்ஸ். 1981-லேயே ஆட்சிமொழி ஆக்கி, 1982-லிருந்து தொடக்கப் பள்ளியில் பாடமொழியாகவும் வைத்தார்கள். இன்று ஆப்பிரிக்காவில் தலைக்கு வருமானம் அதிகமாக உள்ள நாடுகளில் அது முன்வரிசையில் நிற்கிறது, உலக வங்கி அதை உயர் வருமான நாடு என்று வகைப்படுத்துகிறது. கிரியோல் ஒரு நாட்டைக் கீழே இழுக்கும் என்றால் முதலில் விழுந்திருக்க வேண்டியது செஷல்ஸ்தான். அதற்காகக் கிரியோல்தான் அவர்களைப் பணக்காரர்கள் ஆக்கியது என்றும் யாரும் சொல்லிவிடக் கூடாது, அவர்கள் வாழ்வது சுற்றுலாவாலும் சூரை மீனாலும், மக்கள்தொகையும் ஒரு லட்சத்துக்குப் பக்கம்தான்.

ஹைட்டிக்கு வருவோம். அங்கே காலனி மொழி இல்லாமலா இருந்தது? அரசாங்கம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாம் பிரெஞ்சிலேயே நடந்தன. பள்ளிக்குள் கிரியோலை விட வேண்டும் என்ற சீர்திருத்தமே 1979-ல்தான் வந்தது, 1987 அரசியலமைப்புதான் அதைப் பிரெஞ்சுக்குச் சமமான ஆட்சிமொழி ஆக்கியது. பிரெஞ்சு வளம் தரும் என்றால் அத்தனை காலத்தில் தந்திருக்க வேண்டுமே. ஹைட்டியின் கழுத்தில் கிடந்த கயிறு வேறு. அடிமைகள் எழுந்து போராடி 1804-ல் விடுதலை வாங்கினார்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்கள் தோட்டக்காரர்கள் சொத்தை இழந்துவிட்டார்கள், 150 மில்லியன் பிராங்க் கொடுங்கள் என்று எழுதி வாங்கியது. அந்தச் சொத்தில் ஹைட்டி மக்களின் உடம்புகளும் அடக்கம். 1838-ல் அதை 90 மில்லியனாகக் குறைத்தார்கள், ஆனால் அதைக் கட்டுவதற்குப் பாரிஸ் வங்கிகளிடமே கடன் வாங்கி, அந்தக் கடன் வழியாக வந்த பாக்கி எல்லாம் தீர்ந்தபோது 1947 ஆகிவிட்டது. இந்தியா சுதந்திரம் வாங்கிய வருடம் வரை அவர்கள் தங்கள் சுதந்திரத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு அந்த மக்கள் வீட்டில் பேசும் மொழியைக் காரணம் காட்டுவது எனக்கு மிகவும் அநியாயமாகப் படுகிறது.

மொரிஷியஸ் எப்படி மேலே வந்தது என்பது எனக்கு என் வேலையாலேயே ஓரளவு தெரியும். 1961-ல் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், பின்னாளில் நோபல் வாங்கியவர், இந்தத் தீவை ஆராய்ந்துவிட்டுப் பெரிய நம்பிக்கை தரவில்லை: ஜனம் பெருகுகிறது, கரும்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அன்றைக்கும் இங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் இருந்தன, கவனியுங்கள். பிறகு மாறியவை வேறு. 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது, துணி ஆலைகள் வந்தன. 1975-ல் ஐரோப்பாவோடு சர்க்கரை ஒப்பந்தம் கையெழுத்தாகி, குறிப்பிட்ட அளவு சர்க்கரைக்கு நல்ல விலை உறுதியானது. 1982-ல் இந்தியாவோடு இரட்டை வரி விலக்கு ஒப்பந்தம் போட்டார்கள், ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்ட வேண்டாம் என்பது அது. இந்தியப் பங்குகளில் முதலீடு செய்கிற பணம் வருடக்கணக்கில் இந்தத் தீவின் வழியாக ஓடியதற்கு அதுதான் காரணம். 2016-ல் அதைத் திருத்தியபோது எங்கள் துறையே ஆடிப்போனது. ஆங்கிலம் தெரிந்த கணக்காளர்கள் இருந்தது இதற்கு உதவியது என்பதை நான் மறுக்கவில்லை, நானே அப்படி வந்தவன்தானே. ஆனால் அதே ஆங்கிலம் சியரா லியோனிலும் லைபீரியாவிலும் ஆட்சிமொழியாக இருக்கிறது. ஒப்பந்தம், விலை, சண்டை இல்லாத அரசியல், இவைதான் 2020-ல் உலக வங்கி மொரிஷியஸை உயர் வருமான நாடுகளோடு சேர்க்கும் அளவுக்குக் கொண்டுவந்தன. கொரோனா வந்து சுற்றுலா படுத்ததும் அடுத்த வருடமே அந்தப் பட்டியலிலிருந்து கீழே இறங்கியது. மொழி எதுவும் மாறவில்லையே அந்த ஒரு வருடத்தில்.

மொழி வேறு ஓர் இடத்தில் கணக்கில் வருகிறது, அதை எனக்குக் காட்டியவர் தாந்தின்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், கிரியோலைத் தவிர வேறு எதுவும் சரளமாகப் பேசாதவர், கிரியோல் வகுப்புக்கு எதற்கு வந்தார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. எழுதப் படிக்க வந்திருக்கிறார். 4-ம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அன்றைக்குப் புத்தகம் ஆங்கிலம், செய்தித்தாள் பிரெஞ்சு, கோயிலில் தமிழ், இது எதுவும் அவர் வீட்டில் பேசிய மொழி இல்லை. 8-வது வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ஆங்கிலத்தில் நான்கே வரி. பேரன் வரும்வரை படிக்காமல் இரண்டு வாரம் அலமாரியில் வைத்திருந்தாராம். ஆசிரியை அன்றைய பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த நான்கு வரியைக் கிரியோலில் எழுதச் சொன்னார், எல்லோரும் சேர்ந்து எழுதினோம். அடையாள அட்டையோடு இந்தத் தேதிக்குள் நேரில் வரவும், அவ்வளவுதான் விஷயம். எழுதி முடித்ததும் தாந்தின் அதை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தார், தேதி வந்ததும் நிறுத்தினார். அந்தத் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. வகுப்பில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாடு வளமானபோது அந்த வளத்தில் யாருக்கு எவ்வளவு கைக்கு எட்டியது என்பதில் மொழிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கே 90 சதவீதம் பேர் வீட்டில் பேசுவது கிரியோல்.

அன்றைக்கே வகுப்பின் நடுவில் ஆசிரியை என்னிடம் ஒரு ரூபாய் நோட்டை எடுக்கச் சொன்னார். இந்த ஊர் நோட்டில் ஆங்கிலம் இருக்கும், அதன் கீழே தமிழ், அதன் கீழே இந்தி. தமிழ் எழுத்தைப் பார்த்து வந்த புதிதில் எனக்கு எவ்வளவு பெருமை! வீட்டுக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். 1998-ல் புது நோட்டில் இந்திக்குக் கீழே தமிழைத் தள்ளிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் கொதித்து எழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்து, பழைய வரிசையில் அச்சடிக்க வைத்த கதையும் தெரியும். ஆனால் "இதில் கிரியோல் எங்கே?" என்று அவர் கேட்டபோதுதான் அது எங்குமே இல்லை என்பதைக் கவனித்தேன். இரண்டு வருடமாகத் தினமும் கையில் வைத்திருந்த நோட்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், தமிழர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. 2012-லிருந்து தொடக்கப் பள்ளியில் கிரியோல் விருப்பப் பாடம். 2011-ல் அதற்கென்று அதிகாரபூர்வ எழுத்துமுறையும் வந்துவிட்டது, அதற்கு முன்பே 2009-ல் அர்னோ கார்புரனின் பெரிய அகராதியும் வந்துவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் தமிழ், இந்தி, உருது போன்ற மொழிகளுக்கு என்று இருக்கும் அதே இடத்தில்தான் கிரியோலும் நிற்கிறது, குழந்தை ஒன்றைத்தான் எடுக்க முடியும். தாந்தினின் பேத்திக்கு 6 வயது, தமிழ் எடுத்திருக்கிறாள், எடுத்தது நல்லது. "அம்மா", "ஆத்தா" என்று அவள் எழுதக் கற்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, டீச்சர் அதைக் கிரியோலில் விளக்குகிறார், விளக்கியதை அவள் எந்த நோட்டிலும் எழுத முடியாது. தாத்தா காலத்து மொழியா, வாயில் இருக்கும் மொழியா என்று ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தப்பு. இரண்டும் கொடுக்கலாம், இடம் இருக்கிறது. கிரியோல் வந்தால் தமிழ் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே தமிழ் வீட்டுப் பேச்சிலிருந்து போய் நாளாகிவிட்டது, கிரியோல் பள்ளிக்கு வருவதற்கு வெகு முன்பே.

சரி, குறைகளுக்கு வருகிறேன். தாள்களில் எழுத்துமுறை கண்டபடி கலந்திருக்கிறது. எதிர்காலத்துக்கு வரும் "பூ" என்ற சொல்லை ஒரு தாளில் ரோமன் எழுத்தில் pu என்று இரண்டு எழுத்தில் எழுதியிருப்பார்கள், அது பழைய தொழிலாளர் கல்வி இயக்கத்தின் முறை. அடுத்த தாளில் pou என்று மூன்று எழுத்து, அது 2011 முறை. இரண்டுக்கும் வரலாறு இருக்கிறது, ஆனால் புதிதாகப் படிக்கிறவருக்கு ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். கேட்டுப் பழக ஒலிப்பதிவு எதுவும் தரவில்லை, வீட்டுக்குப் போனால் காதில் ஒன்றும் நிற்காது, நான் ரேடியோவைப் போட்டுத்தான் சமாளித்தேன். 14 பேர் இருப்பதால் பேச ஒருவருக்கு 5 நிமிடம் கிடைத்தால் அதிகம். முதல் 3 வாரம் வீணானதற்கு ஈடாக இரண்டு வகுப்பு கூடுதலாக எடுத்தார்கள், கேட்டதற்கு மறுக்காமல் செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

கடைசி வகுப்பு விடுகதை வகுப்பு. இங்கே விடுகதை போடுகிறவர் "சிராந்தான்?" என்று கேட்பார், மற்றவர்கள் "சாம்பேக்!" என்று சொன்னால்தான் ஆரம்பிப்பார். தாந்தின் எழுந்து நின்று தன் பாட்டி போட்டதைப் போட்டார். திலோ திபூத்? நின்றுகொண்டிருக்கும் தண்ணீர் எது? கரும்பு. திலோ பாந்தான்? தொங்கிக்கொண்டிருக்கும் தண்ணீர் எது? தேங்காய். பாட்டி சொல்லிக் கேட்டதை இதுவரை எழுதிப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே கரும்பலகைக்குப் போய், பெரிய பெரிய எழுத்தில், நடுவில் ஓர் எழுத்தை அழித்துத் திருத்தி, இரண்டையும் எழுதினார். நான் பதிலுக்கு நம் ஊர் விடுகதை ஒன்றைக் கிரியோலில் போட்டேன், இலக்கணம் கொஞ்சம் தடுமாறியது, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

யாருக்கு இந்த வகுப்பு? 6 மாதத்துக்கு மேல் இங்கே இருக்கப்போகிற எவருக்கும். ஏற்கெனவே பிரெஞ்சு தெரிந்தவர்கள் நேரே இரண்டாம் நிலைக்குப் போகலாம் என்று பயிலகம் சொல்லும், கேட்காதீர்கள், அந்தக் குட்டிச் சொற்கள் இல்லாமல் அங்கே திணறுவீர்கள். சேரும்போது எந்த ஆசிரியர் எடுக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் 5-க்கு 4 கொடுப்பேன், குறைத்த ஒன்று அந்த முதல் 3 வாரத்துக்கு. இரண்டாம் நிலை ஜனவரியில் ஆரம்பிக்கிறது, செவ்வாய் மட்டும், 5,000 ரூபாய். நானும் தாந்தினும் பெயர் கொடுத்துவிட்டோம்.